மூன்று நாள் வந்த பச்சைக் கட்டங்கள்

இது கட்டிவிட்ட கதை இல்லை. செல்வமாரியின் போனில் அந்த மூன்று மெசேஜும் இன்னும் இருக்கின்றன. அவளோடு ஒரே ஜவுளிக்கடையில் நிற்கிற நான் என் கண்ணால் பார்த்தேன்.

கோவில்பட்டியில் ஆடித் தள்ளுபடி வந்துவிட்டால் எங்கள் பாடு நாய் பாடுதான். காலை ஒன்பதிலிருந்து இரவு பத்துவரை நின்றபடியே சேலை விரிக்க வேண்டும். வீட்டுக்குப் போனால் பேசக்கூடத் தெம்பிருக்காது. செல்வமாரியின் அப்பா அய்யாத்துரை இடைசெவலில், ஊருக்கு ஒதுங்கின வீட்டில் தனியாக இருந்தார். அவள்தான் அவருக்குப் போனில் அந்தச் சொல் விளையாட்டைப் பழக்கிவிட்டாள். தினம் ஓர் ஐந்தெழுத்துச் சொல். ஆறு தடவைக்குள் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்து சரியென்றால் பச்சைக் கட்டம், தப்பென்றால் கறுப்பு. முடித்ததும் கட்டங்களை அடுத்தவருக்கு அனுப்பலாம்.

"தெனமும் போன் போட்டு 'சாப்ட்டியளா'ன்னு கேக்காதட்டி. காலையில கட்டம் வந்தா அப்பன் நல்லாருக்கேன்னு வச்சுக்கோ. வரலைன்னா வந்து பாரு" என்று அவர்தான் சொன்னார். களைத்துக் கிடந்தவளுக்கு அது பெரிய நிம்மதி.

சாண் ஏறினால் முழம் சறுக்குகிற ஆட்டம்தான் அவருடையது. ஏழு மணிக்கு டீக்கடையில் உட்கார்ந்து, நாலு பேரைக் கேட்டு, ஆறாவது தடவையில்தான் பிடிப்பார்.

செவ்வாய்க்கிழமை அவள் கண் விழித்தபோதே கட்டம் வந்திருந்தது. நேரம் 4.10. ஒரே வரி. ஐந்தும் பச்சை. முதல் தடவையிலேயே! 'எப்பா, யாரப் பாத்து காப்பி அடிச்சிய?' என்று அனுப்பிவிட்டு வேலைக்கு ஓடினாள்.

புதன்கிழமை. 4.10. ஒரே வரி. ஐந்தும் பச்சை. அதற்கு மேலே, நேற்று அவள் அனுப்பியது ஒற்றை டிக்கோடு நின்றது. அப்பாவுக்குப் போய்ச் சேரவேயில்லை. அப்படியென்றால் அவர் போன் அணைந்து கிடக்கிறது... பிறகு இது எப்படி வந்தது? டவர் கோளாறாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை. 4.10. அதே வரி. மத்தியானம் போன் போட்டாள். சுவிட்ச் ஆஃப். 'கட்டம்தான் வந்துட்டே' என்று தன்னையே தேற்றிக்கொண்டு அடுத்த சேலையை விரித்தாள்.

வெள்ளிக்கிழமை. 4.10... இல்லை.

5.00... இல்லை.

6.00... இல்லை.

6.20 பஸ்ஸில் ஏறினாள். வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. "எப்பா!" என்று கத்தினாள். பக்கத்துக் காட்டில் நின்ற சின்னக்கருப்பன் ஓடிவந்து கதவை உடைத்தார்.

கதவுக்கு ஒரு முழம் தள்ளி அப்பா கிடந்தார்.

உயிர் இல்லை.

ஆனால் உடம்பு இன்னும் ஆறவில்லை...

"அண்ணாச்சி, நீங்க யாருமே பாக்கலையா?"

"போன் ரிப்பேர்னு திங்கக்கெழம கோவில்பட்டி போனாவ தாயி. ஒன் வீட்டுல தங்கிட்டாவன்னுல்லா நெனச்சோம். திரும்பி வந்தது யாருக்கும் தெரியலயே."

அந்தப் போன் சங்கிலிப்பாண்டியின் ரிப்பேர் கடையில் இருந்தது. திங்கட்கிழமை மத்தியானம் கொடுத்தது. பேட்டரி, சிம் எல்லாம் கழற்றி ஒரு டப்பாவில் கிடந்தது. "இன்னும் ஆனே பண்ணலக்கா" என்றான்.

மூன்று நாளும் யார் அனுப்பினார்கள்? இன்றுவரை தெரியாது.

ஆனால் செல்வமாரியை உருக்கிக்கொண்டிருப்பது அது இல்லை. உடம்பைப் பார்த்த டாக்டர் சொன்னதுதான். அய்யாத்துரை திங்கட்கிழமை இரவு விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. உயிர் போனது வெள்ளிக்கிழமை விடிகாலை, நாலு மணிவாக்கில்.

அதுவரை அவர் உயிரோடுதான் கிடந்திருக்கிறார். கதவை நோக்கி நகர்ந்துகொண்டு...

அந்தக் கட்டங்கள் மட்டும் வராமல் இருந்திருந்தால், அவள் செவ்வாய்க்கிழமையே போயிருப்பாள்.