அப்புறம் அக்கா

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சாயங்காலம், அந்தக் குறுகலான மாடிப்படியில்தான் அவள் அக்காவிடம் முதன்முதலாகப் பேசினாள். மணி அடித்ததும் தையல் கூடமே படியில் கொட்டியது. பாதிவழியில், படி திரும்புகிற இடத்தில், ஒருத்தி மட்டும் சுவரோடு முதுகை ஒட்டி நின்றிருந்தாள்.

"ஏன்க்கா, நீங்க போகலையா?"

"நீங்க போங்கம்மா. நான் அப்புறம் வரேன்."

"உங்களுக்குப் பின்னாடி வந்தவங்கல்லாம் போயிட்டாங்களே?"

"அவங்களுக்கு அவசரம். வீட்ல அடுப்பு காத்துட்டிருக்கும்."

"உங்க வீட்ல அடுப்பு இல்லையா?"

அக்கா சிரித்தாள். "இருக்கு. அதுக்குப் பொறுமை ஜாஸ்தி."

இறங்கிக்கொண்டிருந்த ஒருத்தி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "புதுசா நீ? அது அப்புறம் அக்கா. சொர்க்கத்துக் கதவே திறந்தாலும் 'நீங்க போங்க'ன்னுதான் சொல்லும்."

பட்டன் தைப்பது அக்காவின் வேலை. கூட்டிப் பெருக்குகிறவரிலிருந்து முதலாளி வரை எல்லாரும் அக்காவுக்கு 'நீங்க'தான். தண்ணீர்ப் பானையைக் காலி செய்தது யாராக இருந்தாலும் நிரப்பி வைப்பது அக்கா. முதல் வாரத்தில் அவள் காலரைத் தலைகீழாகத் தைத்துவிட்டு அழுகையை விழுங்கிக்கொண்டிருந்தபோது, அக்கா சட்டையை வாங்கி, தையலைப் பிரித்து, மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். துணி வெட்டும் மாஸ்டர் குடித்துவிட்டு வந்து கூடமே கைகொட்டிச் சிரித்த நாட்களிலும் "வாங்க மாஸ்டர்" என்ற அந்தக் குரல் மாறியதில்லை. அக்காவின் பட்டப்பெயரில் இருந்த கிண்டல் எப்போது உதிர்ந்தது என்று யாருக்கும் தெரியாது.

ஒரு மதியம், இஸ்திரி மேஜைக்குப் போகும் நீராவிக் குழாய் வெடித்தது. கூடம் முழுக்க வெள்ளையாக மூடியது. யாரோ "தீ!" என்று அலறினார்கள். தீ இல்லை. ஆனால் அப்போது அது யாருக்குத் தெரியும்?

படிக்கு எப்படி வந்தாள் என்பதே அவளுக்கு ஞாபகமில்லை. கால் தரையில் படவில்லை. கூட்டம்தான் அவளைத் தூக்கிக்கொண்டு போனது. கைப்பிடிக் கம்பி விலாவில் குத்தியது. மூச்சை விட முடிந்தது, இழுக்க முடியவில்லை. மேலேயிருந்து சூப்பர்வைசர், "தள்ளாதீங்க! அறிவிருக்கா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அவர் கத்தக் கத்த நெரிசல்தான் கூடியது. திருப்பத்தில், முன்னால் போனவள் கால் இடறி விழுந்தாள். அடுத்தது தான்தான், தன்மேல் மொத்தக் கூடமும் விழும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அம்மாவைக் கூப்பிட வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

திருப்பத்தில், சுவரோடு ஒட்டி, அக்கா நின்றிருந்தாள். அக்கா கத்தவில்லை. அவளுக்குப் பின்னால் மலை மாதிரி முட்டிக்கொண்டு வந்த மாஸ்டரைப் பார்த்து, தினமும் பேசுகிற அதே குரலில் சொன்னாள்: "மாஸ்டர், இவங்க விழுந்துட்டாங்க. எழுந்து போகட்டும். நாம அப்புறம் போகலாம்."

மாஸ்டர் ஒரு கையைச் சுவரிலும் ஒரு கையைக் கம்பியிலும் ஊன்றி, முதுகால் கூட்டத்தைத் தாங்கினார். "அக்கா நிக்கிறாங்க. நில்லுங்கப்பா."

"யாரு நிக்கிறது?"

"அப்புறம் அக்கா நிக்கிறாங்களாம்."

"அக்காவா? ஏய், தள்ளாதடி, அக்கா நிக்கிறாங்க."

அந்தப் பேச்சு படிப்படியாக மேலே ஏறியது. ஏற ஏற, அவள் விலாவிலிருந்து கம்பி விலகியது. விழுந்தவளைத் தூக்கி நிறுத்தினார்கள். பிறகு ஒவ்வொருவராக, அக்காவை நேராகப் பார்க்கக் கூசிக்கொண்டு, இறங்கிப் போனார்கள்.

வாசலில் எல்லாரும் இருந்தார்கள், அக்கா மட்டும் இல்லை. அவள் மறுபடி படியேறினாள்.

அக்கா அதே இடத்தில்தான் இருந்தாள். உள்ளங்கைகள் சுவரில் அப்பியிருந்தன. முகம் வெளிறிக் கிடந்தது.

"எல்லாரும் போயாச்சாம்மா?"

"போயாச்சுக்கா. வாங்க."

"கால் வர மாட்டேங்குது. எனக்குப் படின்னாலே பயம். சின்ன வயசுல பின்னாலேர்ந்து யாரோ இடிச்சு உருண்டிருக்கேன். அதான் எல்லாரும் போகட்டும்னு நிக்கிறது. நீங்கல்லாம் அதைப் பெரிய மனசுன்னு நினைச்சுக்கிட்டீங்க."

பானையை நிரப்பியது எந்தப் பயத்தில், காலரைப் பிரித்தது எந்தப் பயத்தில் என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. அவளுக்கே பல் கிட்டித்துக்கொண்டிருந்தது. கையை மட்டும் நீட்டினாள்.

அக்கா அந்தக் கையைப் பார்த்தாள், சுவரை விடவில்லை.

"ஒண்ணு கேக்கட்டுமாம்மா? இனிமே சாயங்காலம் எறங்கறப்ப, எனக்குப் பின்னாடி நீங்க வர்றீங்களா? வேற யாரும் வேண்டாம். நீங்க மட்டும். மெதுவா."