டில்ட் விழாத மெஷின்

1. முதல் விளையாட்டு

“இது என்ட மெஷின் இல்ல, தங்கச்சி.”

கண்டக்குழியில் லொட்ஜ் நடத்தும் நஸீர் நானா, நாங்கள் செய்த டிஜிட்டல் பின்போலை விளையாடிப் பார்த்துவிட்டு இப்படிச் சொன்னார். எனக்குக் கோபம் சுருக்கென்று ஏறியது. கேம் புரோகிராமிங்கில் ஊறிப்போனவள் நான். உருண்டை எப்படி உருளும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நானாவின் லொட்ஜில் ஒரு பழைய பின்போல் மெஷின் நின்றது. கண்ணாடிக்குக் கீழே ஓடும் இரும்பு உருண்டையை விழவிடாமல் இரண்டு ஃபிளிப்பரால் தட்டித் தட்டி மேலே அனுப்ப வேண்டும். உப்புக் காற்று அதன் வயர்களைத் தின்றுகொண்டிருந்தது. மெஷின் படுத்துவிடுவதற்கு முன் அதை அச்சொட்டாக டிஜிட்டலில் செய்து தரும்படி ஒரு வெளிநாட்டுக் கம்பனி கேட்டிருந்தது. எங்கள் குழு என்றால் கற்பிட்டிக்காரி நானும் உடப்புச் சிவாவும்தான். சொந்தமாகத் தொழில் தொடங்கிக் கிடைத்த முதல் பெரிய வேலை. நானா சரி என்றால்தான் கம்பனி ஏற்கும். இல்லையென்றால் வேலை வேறு ஆட்களுக்குப் போய்விடும்.

டிவித் திரையை மரப்பெட்டியில் படுக்கவைத்து, பெட்டி ஆடுவதை உணர சென்சர் வைத்திருந்தோம்.

“உருண்டை ஓடுறது பிழையா நானா?”

“உருண்டை சரி. டில்ட் விழுது. என்ட கையில ஒரு நாளும் டில்ட் விழுந்ததில்ல. யார்ட்டயும் கேட்டுப் பாருங்க.”

மெஷினை அளவுக்கு மீறி உலுக்கினால் ஃபிளிப்பர் செத்துவிடும். அதுதான் டில்ட். நானா இடுப்பால் இடித்து இடித்து விளையாடுகிறவர். எங்கள் பெட்டியில் இடித்தபோதெல்லாம் டில்ட்.

“மெஷினோட வந்த மனுவல்ல உள்ள அளவத்தான் போட்டிருக்கேன்.”

“மனுவலா இவ்வளவு காலமும் விளையாடின?”

2. மூடியைத் திறந்தோம்

நானா அஸர் தொழப் போனார். முன்பே அவரிடம் கேட்டிருந்ததால் பழைய மெஷினைத் திறந்தோம். டில்டுக்கென்று உள்ளே ஒரு கம்பியில் கூம்பு மாதிரிப் பாரம் தொங்கும், சுற்றிவர ஒரு வளையம் இருக்கும். பாரம் வளையத்தில் முட்டினால் டில்ட். அந்தக் கூம்பைக் காணவில்லை. ஒல்லியாக வேறு ஏதோ தொங்கியது.

சிவா சிரித்துவிட்டான். “அக்கா, இது வலை ஈயம், மீன் வலை தாழக் கட்டுறது. எங்கட வீட்டில வாளி வாளியாக் கிடக்கு.”

பழைய பாரம் துருப்பிடித்து விழ, படகு எஞ்சின் திருத்தும் மெக்கானிக் யாரோ கைக்கு எட்டியதை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஒல்லி ஈயம் இலேசில் வளையத்தை எட்டாது. நானா எவ்வளவு இடித்தாலும் மெஷின் பொறுத்துக்கொண்டது.

“நானாட்ட சொல்லாதீங்க அக்கா. பேசாம கோட்ல அளவ மாத்திட்டு விடுவம்.”

கதையை வயிற்றுக்குள் வைத்திருக்க எனக்கு வராது. நானா வந்ததும் ஈயத்தைக் கழற்றிக் கையில் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, வேலை போயிற்று என்று பயமாகவும் இருந்தது.

கொஞ்ச நேரம் ஈயத்தை உருட்டிப் பார்த்தார். “அப்ப இங்க வந்த எல்லாரும் இந்த ஈயத்தோடதானே விளையாடின?”

“ஓம் நானா.”

“அதுல என்னய வெண்டவன் ஆரு?”

“ஒருத்தரும் இல்ல.”

“அப்ப இதயும் உங்கட கம்ப்யூட்டருக்குள்ள போடுங்க.”

ஈயத்தை அளந்து கோட்டை மாற்றினோம். நானா ஒரு இடி இடித்தார், பெட்டி ஒரு சாண் நகர்ந்தது. ஃபிளிப்பர் உயிரோடு இருந்தது. கம்பனிக்கு அங்கே நின்றபடியே ஓம் சொல்லிவிட்டார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். மனுவலைப் படியுங்கள், ஆனால் கோட் எழுதுவதற்கு முன் மெஷினுக்குள் கையை விட்டுப் பாருங்கள். ஆட்கள் விளையாடியது மனுவலில் உள்ள மெஷினில் அல்ல, திருத்தித் திருத்தி மிஞ்சிய மெஷினில்தான்.

எங்கள் கேமில் இப்போது இரண்டு செட்டிங் உண்டு, ஒன்று வலை ஈயம், மற்றது மனுவல். நானா இடுப்பை அடக்கி மனுவலிலும் பழகினார். போன கிழமை அதிலும் என்னை வென்றுவிட்டார்.