இரண்டாம் கட்டுக் குற்றாலம்

அக்காள் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. எதிர்வீட்டுக் காளியாயி வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"அக்காளைத் தேடியா வந்தீக? எல்லாரும் குத்தாலம் போயிருக்காகளே."

"குத்தாலமா! எப்ப வருவாக?"

"மத்தியானச் சோத்தைத் தின்னுட்டு வந்துருவாக."

நான் பஸ் கண்டக்டர். காரைக்குடிக்கும் மதுரைக்கும் நடுவே ஓடுகிற வண்டி. குற்றாலத்துக்கு எங்கே பஸ் மாற வேண்டும், வழியில் எந்த ஊர் டீயை வாயில் வைக்கலாம் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அக்காள் ஊரான கண்டரமாணிக்கத்தில் காலையில் கிளம்பி, குற்றாலத்தில் குளித்துவிட்டு, மத்தியானம் திரும்ப வேண்டுமென்றால் ஆகாய விமானம்தான் பிடிக்க வேண்டும். அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று எனக்கு இருந்தது. என் அக்காள் புருஷன் குருநாதன் ஊர் எல்லையைத் தாண்டியிருப்பாரா?

அப்போதுதான் பக்கத்தில் இருந்த பெரிய வீட்டுக்குள்ளிருந்து என் மருமகன் மலையாண்டியின் அலறல் கேட்டது.

"ஆத்தா! அருவி போதும்! மூக்குல ஏறுது!"

குருநாதனைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது விளங்காது. அவர் அந்தப் பெரிய வீட்டின் காவல்காரர். வீட்டுக்குச் சொந்தக்காரரான செட்டியார் குடும்பம் மெட்ராஸில் இருந்தது. கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால்தான் வருவார்கள். வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். உள்ளே எத்தனை அறை என்று எண்ண ஆரம்பித்தவர்கள் யாரும் முடித்ததில்லை. பின்வாசலை ஒட்டினாற்போல் இருந்த சின்ன வீட்டில் குருநாதனும் என் அக்காள் அக்கம்மாளும், அழகி, மலையாண்டி என்று இரண்டு பிள்ளைகளும் குடியிருந்தார்கள்.

மனிதர் இடுப்பில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து. அவர் வருவதற்கு முன்னால் அதன் சத்தம் வந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு அந்த வீட்டு ஆச்சி ஒரே ஒரு கட்டளைதான் போட்டாராம்: "வீட்டை விட்டுட்டு அங்குட்டு இங்குட்டு நகரக் கூடாது." வேறு யாராவது என்றால் பவ்வியமாகத் தலையை ஆட்டிவிட்டு மறுநாளே இரண்டாவது ஆட்டம் சினிமாவுக்குப் போயிருப்பார்கள். குருநாதன் நகரவே இல்லை. என் கல்யாணத்துக்கென்று ஒரு எட்டு வந்தவர், நான் தாலி கட்டி முடித்துத் திரும்பிப் பார்ப்பதற்குள் ஆளைக் காணோம். அவருடைய பந்திச் சாப்பாட்டை இலையில் கட்டிக் கொடுத்தனுப்பினோம். அந்தக் கோபம் எனக்கு வெகுநாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டின் அத்தனை அறைகளையும் திறந்து, காற்றாட விட்டு, கூட்டிப் பெருக்கி, மறுபடி பூட்ட வேண்டும். பிள்ளைகளுக்கு லீவு விடுவதும் அதே நாள்தான். மற்ற பிள்ளைகள் அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளையார்பட்டிக்கும் இளையாத்தங்குடிக்கும் போய்வந்து, திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்வார்கள். "நம்ம எங்கப்பா போறோம்?" என்று அழகி கேட்டபோது அவள் அவர் இடுப்பு உயரம்கூட இல்லை. குருநாதன் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். "மதுரைக்கு" என்று சொல்லிவிட்டார். சொன்ன வார்த்தையை அப்புறம் திரும்ப வாங்க முடியவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். ஞாயிறு காலையில் பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பவுடர் பூசி, தூக்குவாளியில் புளிச்சோறு கட்டிக்கொண்டு அக்காள் பின்வாசலில் கிளம்புவாள். தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு நடப்பார்கள். அதுதான் பஸ் பிரயாணம். குருநாதன் உள்ளேயிருந்து கதவைத் திறந்து, "மதுரை எல்லாம் இறங்கு" என்பார். முகப்பில் தேக்குத் தூண்கள் நின்ற இடம் மதுரை. மாடியில் வடக்குப் பார்த்த அறை கொடைக்கானல். சித்திரை மாத வெயிலாக இருந்தாலும் அங்கே போர்வையைப் போர்த்திக்கொண்டு பல்லைக் கிட்டித்து நடுங்க வேண்டும். ஊறுகாய் ஜாடிகள் வைத்த அறை ராமேஸ்வரம், உப்பு வாசனை வருமல்லவா! கடைசியில் வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டு முற்றம். மழை பெய்தால் ஓட்டுக் கூரையின் நான்கு மூலையிலிருந்தும் தண்ணீர் கொட்டும். அதுதான் குற்றாலம். மழையில்லாத நாளில் அக்காள் மாடிக்குக் குடம் குடமாய்த் தூக்கிப்போய் மேலேயிருந்து ஊற்றுவாள்.

"ஊர்ல எல்லாரும் அருவியில குளிக்கப் போறாக. நான் மட்டுந்தாண்டா அருவியாவே இருக்கேன்" என்று என்னிடம் அலுத்துக்கொண்டாள்.

நாளாக ஆக, பெயர்கள் ஒட்டிக்கொண்டன. கொடைக்கானலில் பல்லி செத்துக் கிடக்கும். ராமேஸ்வரத்துச் சாவி காணாமல் போகும். குற்றாலத்தில் வடகம் காயும். நான் சும்மா இருப்பேனா?

"ஏன் மச்சான், டெல்லி எங்குட்டு இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "அந்த ரூமு சாவி ஆச்சிகிட்ட இருக்கு மாப்ளே" என்றார்.

"நெசக் குத்தாலத்தை நீங்க பாத்திருக்கீகளா?"

"பாத்ததில்ல. தண்ணி மேலேருந்து விழுகும்னு கேள்வி."

அழகி மூன்றாம் வகுப்புக்குப் போனபோது வந்தது வினை. அது எழுபதாம் வருஷம், ஆடி மாதம். ஜாஹிதா டீச்சர் பாடத்தில் அருவி வந்ததும், "குற்றாலம் பார்த்தவங்க யாரு?" என்று கேட்டிருக்கிறார். ஒரே ஒரு கைதான் உயர்ந்தது. எழுந்து நின்று என் மருமகள் விவரம் சொன்னாள். நான்கு மூலையிலும் அருவி விழும். நடுவில் உட்கார்ந்து புளிச்சோறு தின்னலாம். தரை வழுக்கும், ஓடக் கூடாது. தூணில் ஈரக் கையை வைத்தால் அப்பா வைவாக.

வகுப்பே சிரித்தது. டீச்சர் கெட்டவர் இல்லை, ஆனால் பொய் என்றால் அவருக்கு ஆகாது. "குற்றாலத்துல தூண் ஏது? பொய் சொல்லக் கூடாது அழகி" என்று உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. "எங்கப்பாதான் கூட்டிட்டுப் போனாக. எங்கப்பா பொய் சொல்ல மாட்டாக. வேணும்னா அவுகளையே கூட்டியாறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அன்று முதல் குருநாதன் படாத பாடு பட்டார். "எப்ப வாரீக, எப்ப வாரீக" என்று பிள்ளை பின்னாலேயே அலைந்தது. இவர் ஒவ்வொரு அறையாகப் புகுந்து ஒளிந்துகொண்டார். அத்தனை அறை இருப்பதில் அது ஒரு வசதி. திருடன் வந்தால் கம்பை எடுத்துக்கொண்டு நிற்கிற ஆள், டீச்சர் தெருவில் வருவதைப் பார்த்தால் பின்வாசலைத் தாழ் போட்டார். பள்ளிக்கூடம் போவதைத் திங்கட்கிழமைக்குத் திங்கட்கிழமை தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார்.

எனக்கு இதுதான் சமயமென்று பட்டது. பழைய கோபமும் கொஞ்சம் இருந்தது, மறைக்கவில்லை. "மச்சான், நான் லீவு போட்டு வீட்டைப் பாத்துக்கிறேன். சனி ஞாயிறு பிள்ளைகளை நெசக் குத்தாலத்துக்கே கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. அப்பறம் டீச்சர் என்ன, கலெக்டரே கேட்டாலும் பதில் சொல்லலாம்."

அக்காளுக்கு முகமெல்லாம் பல். குருநாதனுக்கு முகம் செத்துவிட்டது. என்னை ராமேஸ்வரத்துக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"நெசத்தைப் பாத்துட்டா, அப்பன் இத்தனை நாளாப் பொய்யச் சொல்லித்தானே ஏமாத்துனான்னு ஆயிருமே மாப்ளே. அந்தப் பிள்ளை என்னைய நம்பிக்கிட்டு டீச்சர்கிட்ட மல்லுக்கு நின்னிருக்கு." ஊறுகாய் ஜாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எனக்கு அப்போது சிரிப்புத்தான் வந்தது.

மெட்ராஸுக்கு ஆள்மூலம் சொல்லி அனுப்பி, 'மச்சினன் இருந்தால் சரி' என்று ஆச்சியிடமிருந்து பதில் வந்த பிறகுதான் கிளம்பினார். சாவிக்கொத்தை என் கையில் கொடுக்கும்போது, கைக்குழந்தையை விட்டுப் போகிறவளைப் போல ஆயிரம் பக்குவம் சொன்னார். எந்தத் தாழ்ப்பாள் இறுகும், எந்த ஜன்னலை மெதுவாகச் சாத்த வேண்டும், எந்தப் படியில் கால் வைக்கக் கூடாது.

ஞாயிறு காலையில் நான் வேலையை ஆரம்பித்தேன். ஜன்னல் திறப்பது ஒரு வேலையா என்று நினைத்திருந்தேன். பாதி வீட்டைத் திறப்பதற்குள் என் இடுப்பு விட்டுப்போனது. ஒரு தாழ்ப்பாள் விரலைக் கடித்தது. மாடிக்கு ஏறியவன் வேறொரு படி வழியாக இறங்கி, வீட்டின் எந்தக் கட்டுக்குள் நிற்கிறோம் என்று தெரியாமல் திகைத்தேன். கூப்பிட்டால் ஏன் என்று கேட்க நாதியில்லை. டிக்கெட் கொடுக்கிறவனுக்கு நாளெல்லாம் காதில் கூச்சல்தான் பழக்கம். இந்த அமைதியில் ஒரு மனிதன் வருஷக்கணக்காக இருந்திருக்கிறான் என்று முதல்முதலாக எனக்கு உறைத்தது. மதுரைக்கும் கொடைக்கானலுக்கும் போகாமல் இங்கே எப்படி இருப்பது?

மத்தியானத்துக்கு மேல் இடி இடித்து மழை பிடித்துக்கொண்டது. திறந்ததையெல்லாம் ஓடி ஓடிச் சாத்திவிட்டு இரண்டாம் கட்டுக்கு வந்தேன். நான்கு மூலையிலும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

சீசனில் குற்றாலத்தில் முழங்கை இடி வாங்கிக் குளித்தவன் நான். எண்ணெய் தேய்த்த முதுகுகளுக்கு நடுவே அரை நிமிஷம் தலையை நீட்டிவிட்டு வர வேண்டும். இங்கே ஈ, காக்கை இல்லை. யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டு, சட்டையைக் கழற்றித் தூணில் மாட்டினேன். முதலில் ஒரு மூலையில் நின்றேன். பிறகு அடுத்த மூலை. பிறகு வாய்விட்டுக் கத்தினேன். வீடு முழுக்கத் திரும்பக் கத்தியது. நாலு மூலையையும் மூன்று சுற்றுச் சுற்றியிருப்பேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அவ்வளவு சந்தோஷம். அன்றைக்குத்தான் என் மச்சானை எனக்குப் பிடித்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தார்கள். அக்காள் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். "தண்ணி அதுபாட்டுக்கு விழுகுதுடா! யாரும் தூக்கவேணாம், ஊத்தவேணாம். நான் சும்மா நின்னு குளிச்சேன்!" மலையாண்டியின் பன்னைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்விட்டதாம். அதை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். அழகி மட்டும் தள்ளிப்போய்க் கொடியோரம் நின்றாள். அருவியைப் பார்த்த நிமிஷத்திலிருந்து அவள் அப்பனோடு பேசவில்லை என்று அக்காள் என் காதில் சொன்னாள். திரும்பி வருகிற வழி முழுக்க அவருக்குப் பக்கத்தில் உட்காராமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

குருநாதன் என்னிடமிருந்து சாவிக்கொத்தை வாங்கினார். இடுப்பில் செருகவில்லை. கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அழகி கொடியில் தொங்கிய என் வேட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.

"மாமா, இது ஏன் ஈரமா இருக்கு?"

"குளிச்சேன்."

"கெணத்துலயா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். முந்தின நாள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். குருநாதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல. குத்தாலத்துல."

அவள் என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். நான் கேலி செய்கிறேனா என்று தேடினாள் போலிருக்கிறது.

"கூட்டமா இருந்துச்சா?"

"ஒருத்தரும் இல்ல. நான் மட்டுந்தான் குளிச்சேன். நாலு மூலையிலயும்."

"குடுத்துவச்சவுக" என்று பெரிய மனுஷிபோல் பெருமூச்சு விட்டாள். "அங்க ஒரே இடி. நகரு நகருன்னு வெரட்டுறாக." அப்புறம் அப்பன் பக்கம் திரும்பினாள். "ஏப்பா, அங்க குரங்கு இருந்துச்சுல்ல? நம்ம குத்தாலத்துல ஏன் இல்ல?"

குருநாதன் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறதா என்று பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு இருட்டுக்குள் போய்விட்டார். நான் எல்லாவற்றையும் சாத்தியிருந்தேன். அது அவருக்கும் தெரியும்.

மறுநாள் அவராகவே மகளோடு பள்ளிக்கூடத்துக்குப் போனார். 'பிள்ளைமேல் தப்பில்லை டீச்சர், நான் விளையாட்டுக்குச் சொன்னது' என்று வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனாராம். ஆனால் அழகி முந்திக்கொண்டாள்.

"டீச்சர், குத்தாலம் ரெண்டு இருக்கு. ஒண்ணு தென்காசிப் பக்கம். அது எல்லாருக்கும். இன்னொண்ணு எங்கப்பா வச்சிருக்காக. அது எங்களுக்கு."

ஜாஹிதா டீச்சர் குருநாதனைப் பார்த்து, "அப்படிங்களா?" என்று கேட்டிருக்கிறார். மனப்பாடம் பண்ணியதெல்லாம் மறந்துபோய், "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். இதை என்னிடம் சொல்லும்போது அவர் கண் கலங்கியது, எனக்கும்தான்.

"அதெல்லாம் சரி மாப்ளே" என்றார் உடனே. "வார ஞாயித்துக்கெழமை நீ லீவு போடணும்."

"எதுக்கு மச்சான்?"

"குரங்குக்கு ஆள் வேணும்."

போனேன். பழைய தாம்புக்கயிற்றை வாலாகக் கட்டிக்கொண்டு, தூணுக்குப் பின்னாலிருந்து பாய்ந்து, பிள்ளைகளின் புளிச்சோற்றைப் பிடுங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். குருநாதன் கம்போடு துரத்தி வந்தார். என் கல்யாணத்தில் உட்கார்ந்து சாப்பிடாத மனிதர், அன்றைக்குக் கொடைக்கானலில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பிடுங்கிய சோற்றில் பாதியைத் தின்றார். மலையாண்டிக்கு மீசை முளைக்கும்வரை நான்தான் அந்தக் குற்றாலத்துக்குக் குரங்கு.