சண்டைக்குப் போன துவக்கும் போகாத துவக்கும்

பழைய இராணுவத் துவக்கு விற்கும் கடையில் ஊத்தைக்குத்தான் மதிப்பு. மற்ற வியாபாரிகள் சாமானைத் துடைத்துத் துடைத்து விற்பார்கள். இங்கே துடைத்தால் குடி கெட்டது. வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரித்துச் சிரித்தே தாடை நொந்த அன்பர்களே, நீங்கள் மீன் விற்றாலும் சீலை விற்றாலும் என் பாடு உங்களுக்கு விளங்கும்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஒஸ்லோவில் ஒரு வேட்டைச் சாமான் கடையில் எனக்கு வேலை கிடைத்தது. அதுவரை அலுவலகங்கள் கூட்டித் துடைத்தவன். இடுப்பில் நாரி நோவு வந்து குனியவே முடியாத நிலை. நின்றபடி செய்யும் வேலை கிடைத்தது கடவுள் தந்த வரம்தான். ஆனால் என் மனைவி வசந்தி, துவக்கு என்ற சொல்லையே வீட்டில் எடுக்க விடமாட்டாள். அவளுடைய அண்ணர் ஊரில் சூடுபட்டுச் செத்தவர். அழுது முடித்து ஒரு நிபந்தனை போட்டாள்: "இப்ப போங்கோ. ஒருநாள் நான் வந்து பாப்பன். எனக்கு ஏலாதெண்டால் நீங்கள் விட்டிட வேணும்." அவள் எப்போது வருவாளோ என்று கதவைப் பார்த்தபடியே நான் வியாபாரம் பழகினேன்.

எங்கள் தட்டில் இரண்டு சாதி. ஒன்று, ஜேர்மன்காரர் போரில் தோற்று விட்டுப்போக, நோர்வே இராணுவம் எடுத்துப் பாவித்துக் கழித்துவிட்ட அசல். மற்றது, அதே அளவில் தொழிற்சாலையில் இப்போது செய்கிற புதுப் பழசு. பொலிஸ் அனுமதியோடு வருகிறவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுதான் என் உயிரை எடுப்பார்கள்.

மாமியின் கைவண்ணம்

பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் அசல் ஒன்று வாங்கினார். அதன் மரக்கட்டையில் எத்தனையோ பேருடைய வியர்வை ஊறிக் கறுத்திருந்தது. அந்தக் கறுப்பைத் தடவித் தடவி, கண் கலங்கி, புதுப் பழசைத் திரும்பியும் பாராமல் போனார்.

அடுத்த கிழமை முகம் செத்துப்போய் வந்தார். துவக்கை மாமியாருக்குப் பெருமையாகக் காட்டிவிட்டுக் கோப்பி போடப் போயிருக்கிறார். திரும்பி வருவதற்குள் அந்த மனுசி இரும்புத் தும்பால் உரஞ்சி, எண்ணெய் பூசி, கலியாணப் பெண்போல ஆக்கிவிட்டாராம். துவக்கை மேசையில் வைத்தார். புதுப் பழசே அதைவிடப் பழசாகத் தெரிந்தது. அவர் மெல்லக் கேட்டார்: "உங்களிடம் ஊத்தை தனியாக விற்பனைக்கு உண்டா?"

உண்மையில் எந்த ஊர்?

இன்னொருவர் சேகரிப்புக்காரர், குட்டைத் தாடி. ஒரு துவக்கை வெளிச்சத்தில் பிடித்து, "இது உண்மையில் எந்த ஊர்?" என்றார். எனக்குப் பாடம்தான். செய்தது ஜேர்மனியில், இங்கே விட்டுப்போனார்கள், நோர்வேக்காரர் தங்கள் இலக்கத்தை அடித்தார்கள், பிறகு குழலையும் மாற்றினார்கள் என்று ஒப்புவித்தேன்.

அவர் துவக்கைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீ எந்த ஊர்?" இங்கே ஒஸ்லோவில்தான், ஹவுகன்ஸ்டுவா என்றேன். "இல்லை, உண்மையில்?" இந்த "உண்மையில்" இல்லாமல் இந்த நாட்டில் எனக்கு ஒரு நாள் பொழுதுபட்டதில்லை. எரிச்சலை விழுங்கிக்கொண்டு, யாழ்ப்பாணம், அகதியாக வந்து இப்போது நோர்வேக் கடவுச்சீட்டு என்றேன். மனுசன் வலு சந்தோசமாகத் தலையாட்டினார்: "அப்படியென்றால் நீயும் குழல் மாற்றிய அசல்தான்."

நல்ல துவக்கு

ஸ்ட்ரோம்மன் பக்கம் குடியிருந்த தமிழ்நாட்டுப் பொறியியலாளர் அருண் ஒருநாள் வந்தார். வேட்டைக்காரர் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிய பிள்ளை. கடையில் தமிழ் கேட்டதும் இருவருக்கும் சந்தோசப் புளுகம். அசலைக் காட்டினேன். "பழசு வேணாங்க. புதுசுக்கு வாரண்டி உண்டுல்ல?" என்றார். அசல் வைத்திருப்பதே பெருமை என்று நினைக்கிறவர்களையே பார்த்துச் சலித்த எனக்கு, அந்தக் கேள்வி வலு நியாயமாகப் பட்டது.

உடனே புதுப் பழசை எடுக்க உள்ளே திரும்பியபடி, "உங்களுக்கு நல்ல துவக்கு, தம்பி, நல்ல துவக்கு!" என்றேன். அவர் சிரித்தபடி நின்றார். நான் இன்னும் இரண்டு தரம் அதையே சொன்னேன். கடைசியில் பொறுமை இழந்துவிட்டார். "ஆரம்பம் நல்லாத்தான் இருக்கு சார். துப்பாக்கியக் காட்டுங்க."

வசந்தி வந்தாள்

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கதவு திறந்தது. வசந்தி. பெரிய கோட்டுக்குள் கையை மடக்கிக்கொண்டு நின்றாள். முதலாளி க்னூட் ஓடிவந்து கோப்பி கொடுத்தார். அவள் வாங்கினாள், குடிக்கவில்லை. என் நாரி அந்த நேரம் பார்த்துக் குத்தியது.

தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துவக்கு. ஒன்று அசல், ஒன்று புதுப் பழசு. தொடாமல், தள்ளி நின்று பார்த்தாள். விலைச்சீட்டையும் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்டுபோலத்தானே கிடக்கு. இந்தப் பழசுக்கு ஏன் விலை கூட?"

நாளுக்குப் பத்துப் பேருக்குச் சொல்கிற வசனம் என் வாயிலிருந்து தானாக வந்தது: "இது சண்டைக்குப் போனது. மற்றது போகேல்லை."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். அவள் கோபப்படவில்லை, அழவுமில்லை. கோப்பியை மேசையில் வைத்துவிட்டு, சந்தையில் கத்தரிக்காய் விலை கேட்கிற குரலில் கேட்டாள்: "அப்ப அண்ணையைச் சுட்ட துவக்கும் எங்கையோ ஒரு கடையிலை விலை கூடி நிக்குமோ?"

வேலையை விடச் சொல்லி அவள் சொல்லவுமில்லை, நான் விடவுமில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு அந்த ஒரு வசனத்தைச் சொல்ல எனக்கு வாய் வராததால், க்னூட்டின் கடையில் அசல்கள் தூசி பிடித்து இன்னும் அசலாகிக்கொண்டே போயின.