மாடு தின்னாத பூ

வட்டவடை மலைக்கிராமத்துக்கு மேலே உள்ள புல்வெளியில் ஒரு பெரியவர் எருமை மேய்த்துக்கொண்டிருந்தார். தலையில் கம்பளி, அட்டை ஏறாமலிருக்க முழங்கால் வரை மூக்குப்பொடி பூச்சு. வாயில் எப்போதும் ஏதாவது ஒரு தழை அசைந்துகொண்டிருக்கும். எந்தப் புல்லையும் தாம் மென்று பார்த்த பிறகே எருமைகளை அந்தப் பக்கம் விடுவார்.

நான் போனது ஒரு பூவைத் தேடி. தாவர சாஸ்திரப் புத்தகங்களில் இல்லாத செடியைக் கண்டுபிடித்தால் அதற்கு நம் பெயரையே வைப்பார்களாம். நாற்பத்தைந்து வயதில் வேறு வழியாகப் புகழ் வரும் அறிகுறி எதுவும் எனக்குத் தெரியவில்லை. மூன்று நாள் மழையில் நனைந்த பிறகு, ஊதாப் பூவோடு ஒரே ஒரு செடி அகப்பட்டது. வேரோடு பிடுங்கி அவரிடம் நீட்டினேன்.

"பெரியவரே, இதுக்கு இங்க என்ன பேரு?"

வாங்கினார், முகர்ந்தார், பூ, இலை, தண்டு எல்லாவற்றையும் வாயில் போட்டுக் கண்ணை மூடி மென்றார்.

"ஐயையோ! அது ஒண்ணுதான்யா இருந்துச்சு!"

"பொறுங்க சாமி, வேர்லதான் ருசி தெரியும்." வேரையும் மென்று துப்பினார். "மாடு திங்காது."

"சரி, பேரு?"

"மாடு திங்காததுக்குப் பேரு எதுக்கு சாமி?"

கோபப்பட முயன்றேன், வரவில்லை. விடைபெறும்போது அவர் என் ஊரைக் கேட்டார், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். பெயரை மட்டும் கேட்கவில்லை. அவர் முறைப்படி அது நியாயம்தான்.