ஒரு முழம் இறக்கிய விளக்கு

எண்பதுகளின் தொடக்கத்தில், பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருந்த ஓர் ஆராய்ச்சிக் கொட்டகையில் ஒன்றரை வருடம் வேலை பார்த்தேன். மீஞ்சூரிலிருந்து ரயில் ஏறிப் போய் விலங்கியல் படித்து முடித்து, வீட்டில் சும்மா இருந்த காலம். வேலை தற்காலிகம்தான். ஆனாலும் எங்கள் குப்பத்தில் அரசாங்கக் காகிதத்தில் பெயர் வந்த முதல் பெண் நான் என்று நைனா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கொட்டகையில் ஒரு கண்ணாடித் தொட்டி. மூன்றடி நீளம் இருக்கும். அதில் மண்டபம் பக்கத்துக் கடலிலிருந்து தகர டின்களில் ரயிலேற்றிக் கொண்டுவந்த உயிருள்ள பவளத் துண்டுகள் ஏழு. கொண்டுவந்தவர் சென்னையில் பேராசிரியர். மாதத்தில் இரண்டு முறை வருவார். கடலுக்கு வெளியே, விளக்கு வெளிச்சத்தில், பவளத்தை உயிரோடு வைத்திருக்க முடியுமா என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்காகத் தெருவில் போடுகிற மெர்க்குரி விளக்கு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொட்டிக்கு மேலே தொங்கவிட்டிருந்தார். கயிறு ஒரு கப்பி வழியாகச் சுவரில் இருந்த ஆணிக்கு வந்து சேரும். விளக்கை ஏற்றுவதும் இறக்குவதும், தினமும் உயரத்தை அளந்து நோட்டில் எழுதுவதும் என் வேலை.

"பவளத்தோட சதைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்கும்மா. அதுக்கு வெளிச்சம் கம்மியானா பவளம் பட்டினி கிடக்கும். திடீர்னு அதிகமானா பாசி வெளியே போயிடும், பவளம் வெளுத்துடும். அதனால வாரத்துக்கு ரெண்டு விரக்கடை. அவ்வளவுதான் இறக்கணும்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுவர ஒருவர் இருந்தார். பக்கத்துத் தோணிரேவுக் குப்பத்துக்காரர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஒரு காலத்தில் நைனாவோடு ஒரே தோணியில் தொழிலுக்குப் போனவர். முழங்காலில் அடிபட்ட பிறகு வலை இழுக்க முடியவில்லை. ஏரித் தண்ணீர் பவளத்துக்கு ஆகாது. அதனால் முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் போய், தெளிந்த தண்ணீராகப் பார்த்து எட்டு கேன் மொண்டு வருவார். ஐப்பசியில் அந்த முகத்துவாரம் ஆளைக் கவிழ்க்கிற இடம். அப்போதும் போனார்.

அந்த ஐப்பசியில்தான் அது நடந்தது. டெல்லியிலிருந்து பெரிய அதிகாரிகள் கொட்டகையைப் பார்க்க வரப்போவதாகப் பேராசிரியரின் கடிதம் வந்தது. அவர்களுக்குப் பிடித்துப்போனால் திட்டம் நீளும். என் வேலையும் நீளும். தொட்டியைப் பார்த்தேன். பவளங்கள் காய்ந்த சாணி நிறத்தில் சுருங்கிக் கிடந்தன. மழைக்காலம், மின்சாரம் சரியாக வருவதில்லை. வோல்டேஜ் இறங்கினால் மெர்க்குரி விளக்கு அணைந்துவிடும். திரும்ப எரிய பத்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். இப்படி அணைந்து அணைந்து எரிந்த வெளிச்சம் போதவில்லை என்று நானே முடிவு செய்தேன். ஒரு திங்கட்கிழமை காலை கயிற்றைத் தளர்த்தி, விளக்கை ஒரு முழம் இறக்கினேன். நோட்டில் வழக்கம்போல இரண்டு விரற்கடை என்று எழுதினேன்.

மறுநாள் பார்க்க அழகாக இருந்தது. பழுப்பு வெளிறி, உள்ளிருந்து ஒரு பச்சை மின்னியது. நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை ஐந்து துண்டுகள் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தன. உடனே விளக்கைப் பழைய உயரத்துக்கு ஏற்றிக் கட்டினேன். வெள்ளிக்கிழமை பேராசிரியர் வந்துவிட்டார். அதிகாரிகள் வருவதற்கு மூன்று நாள் இருந்தது.

தொட்டியின் முன் வெகுநேரம் குனிந்து நின்றார். பிறகு நோட்டைப் புரட்டினார்.

"விளக்கு சரியாத்தானே இருந்திருக்கு. அப்புறம் என்ன ஆச்சு?"

அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட்டிருந்தால் ஒருவேளை அழுது உண்மையைச் சொல்லியிருப்பேன்.

"போன வாரம் வந்த தண்ணில டீசல் வாடை அடிச்சுது சார்" என்றேன்.

அண்ணன் அப்போது வாசலில் கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தார். பேராசிரியர் அவரிடம் போனார். விசைப்படகுக்காரர்களிடம் கேன் மாறிப்போனதா, டீசல் கேனில் தண்ணீர் மொண்டாரா என்று கேட்டார். "இல்ல சார், நம்ம கேனுதான்" என்றார் அண்ணன். இரண்டு முறை சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். அன்றோடு அவரை நிறுத்திவிட்டார்கள்.

வேறு ஆள் வைத்துப் புதுத் தண்ணீர் மாற்றினோம். அதிகாரிகள் வந்து, வெளுத்ததைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்கள். அடுத்த சில வாரங்களில் மூன்று துண்டுகளில் மெல்லப் பழுப்பு திரும்பியது. விளக்கு பழைய உயரத்துக்குப் போனதால்தான் திரும்பியது என்று எனக்கு மட்டும் தெரியும். பேராசிரியருக்குப் புதுத் தண்ணீர்தான் கண்ணில் பட்டது. "பாத்தியாம்மா, நீ சொன்னது சரி" என்றார். தண்ணீரில் டீசல் கலந்ததாக அறிக்கையிலும் எழுதினார். அதைத் தட்டச்சு செய்யக் கொடுக்கும்முன் என்னைப் படித்துப் பார்க்கச் சொன்னார். நான் சொன்ன பொய் அங்கே ஆராய்ச்சி முடிவாக எழுதப்பட்டிருந்தது. மூன்றாம் பக்கத்துக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அறிக்கைய நான் மாத்திக்கறேன். நீ போய் அந்த ஆளைப் பாரு. திரும்ப வரச் சொன்னேன்னு சொல்லு" என்றார். அதன் பிறகு கடைசிவரை அவர் என்னை 'அம்மா' போட்டுப் பேசவே இல்லை.

அண்ணன் ஆரம்பாக்கத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். பஸ் மாறி மாறிப் போனேன். நெடுஞ்சாலை ஓரத்தில் இறால் பெட்டிகளுக்கு ஐஸ் உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கெட்ட காலை நீட்டி ஒரு பலகைமேல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாம்மா, இவ்ளோ தூரம்?"

நின்றபடியே சொன்னேன். விளக்கை இறக்கியது, நோட்டில் பொய் எழுதியது, டீசல் வாடையே அடிக்காதது. அவர் ஐஸ் உடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்ப வாடை அடிக்கல?"

"அடிக்கலண்ணா."

உடைத்த ஐஸைப் பெட்டிக்குள் தள்ளினார். "அன்னிக்கு ஊட்டுக்குப் போயி என் கைய மோந்து பாத்தேன். சட்டைய மோந்து பாத்தேன். படிச்ச பொண்ணு பொய் சொல்லுமான்னு நெனச்சேன். ரெண்டு நாளு கழிச்சு எனக்கே வாடை அடிக்கற மாதிரி இருந்துச்சும்மா. நாமதான் இன்னாவோ தப்பு பண்ணிட்டோம்னு இருந்தேன்."

சார் திரும்ப வரச் சொன்னார் என்றேன். தலையை ஆட்டி மறுத்தார்.

"வேணாம். இனிமே அங்க வந்தா ஒவ்வொரு கேனையும் மோந்து பாத்துக்கினேதான் இருப்பேன்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. லாரி வந்து நின்றதும் பெட்டியைத் தூக்க எழுந்துவிட்டார்.

அடுத்த ஆண்டு திட்டம் நீளவில்லை. மிச்சமிருந்த பவளங்கள் சென்னைக்குப் போயின. அது பிறகு. ஆரம்பாக்கத்திலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் வலை காயவைத்துக்கொண்டிருந்த நைனாவிடமும் சொன்னேன். அவர் வலையிலிருந்து கையை எடுக்காமல் முழுதும் கேட்டார்.

"அவன் என்கிட்ட வந்து சத்தியம் பண்ணான். எம்பொண்ணு பொய் சொல்லமாட்டான்னு சொல்லி அனுப்பிட்டேன்" என்றார்.

மறுநாள் முதல் பஸ்ஸுக்கு அவர் ஆரம்பாக்கம் போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை.