மீன் பாய் டப்பாவில் இருந்த எருது

மீன் பாய் என்ற பேரை முத்தாயி முதன்முதலில் கேட்டது பஸ்ஸில். மகள் மேனகாவை வெள்ளக்கடையில் கட்டிக் கொடுத்த வருஷம் அது. சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வருகிறார்கள், கோழியோடு மீனும் போட்டால் கௌரவமாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டு வந்தாள். முன் சீட்டுக்காரர் யாரிடமோ, மீன் பாய் கடைக்கு எதிரில் நில்லு என்று போனில் சொன்னார். முத்தாயி அவர் பின்னாலேயே ஏற்காடு ஒண்டிக்கடை நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள்.

கடையில் கவிச்சி வாடையே இல்லை. கற்பூரம், ஊதுபத்தி, ஆணி, தாம்புக்கயிறு, மண்வெட்டிப் பிடி. இருந்தாலும் கூடையை நீட்டி ஒரு கிலோ மத்தி கேட்டாள். ஒல்லியாக, வெள்ளைத் தாடியோடு உட்கார்ந்திருந்த கடைக்காரர் சிரிக்கவில்லை. கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே வெள்ளியில் ஒரு வட்ட வில்லை. அதில் தண்ணீரை விட்டு ஒரு மீன் எகிறிக்கொண்டிருந்தது.

"நம்ம கடையில இருக்கற மீனு இதுதாங்க. கொழம்புக்கு ஆகாது."

அன்றைக்குச் சம்பந்திகளுக்குக் கோழி மட்டும்தான்.

அவர் பேர் அப்துல் மஜீத். அவருடைய அப்பா சேலத்திலிருந்து துணிமூட்டை சுமந்து மலை ஏறியவர். அந்த அப்பாவுக்குப் பெண் இரண்டு, மூன்றாவதாக மஜீத். சின்ன அக்கா சாஜிதாவை ஆத்தூரில் கொடுத்திருந்தது. அவளுடைய ஒரே மகன் தௌபீக் கப்பலில் சமையல்காரன். முதல் பயணம் போய் வந்தபோது, சேலத்தைத் தாண்டாத, கடலையே பார்க்காத தாய்மாமனுக்கு அந்த மீன் வில்லையைக் கொண்டுவந்து கொடுத்தான். பணம் மாதிரி இருக்கும், பணம் இல்லை. எந்த ஊரிலும் செல்லாது. சுத்த வெள்ளியை வட்டமாக வார்த்து மேலே உருவம் அடித்தது. மஜீத் அதை ரவுண்டு என்பார். அதற்கப்புறம் தௌபீக் ஊருக்கு வரும்போதெல்லாம் ஒன்றோ இரண்டோ வந்து சேர்ந்தது. சுறா வந்தது, திமிங்கிலம் வந்தது, ஆமை, கழுகு, கரடி வந்தது. பன்னிரண்டு வருஷத்தில் பத்தொன்பது.

ஆணி வாங்க வந்தவர்களும் ஒரு கரடியைப் பார்த்துவிட்டுத்தான் போக முடியும். விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடிக்க வேண்டும், முகத்தில் ரேகை படக்கூடாது, கறுத்தாலும் புளி போட்டுத் தேய்க்கக்கூடாது என்று பச்சைப்பிள்ளையைக் கொடுப்பதுபோல் பத்திரம் சொல்லித்தான் கையில் தருவார். கடலே பார்க்காதவர் கையில் திமிங்கிலமா என்று எஸ்டேட் ரைட்டர் ஆறுமுகம் ஒருநாள் சீண்டினார். "திமிங்கிலம் மட்டும் ஏற்காட்டப் பாத்துருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டு மஜீத் ஆணியை நிறுத்தார்.

அவர் சம்சாரம் ரபியாவுக்கு இது ஆகாது. தொழுகிற வீட்டில் உயிர் உள்ளதன் உருவம் இருக்கக்கூடாது என்பாள். அதனால் டப்பா கடையிலேயே இருந்தது. ரபியா அதற்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்ததுகூட இல்லை. வினை அங்கேதான் வந்தது.

போன வருஷம் செம்மநத்தத்தில் முத்தாயியின் அரை ஏக்கர் பீன்ஸில் காட்டுமாடு இறங்கிவிட்டது. புருஷன் வெள்ளையன் தகரம் தட்டினான், பழைய சேலைகளை வேலியில் கட்டினான், எதற்கும் அசையவில்லை. அந்த ஊரில் கண் வலிக்கு வெள்ளித் தகட்டில் கண்ணும், பிள்ளை வரத்துக்குத் தொட்டிலும் அம்மன் சூலத்தில் கட்டுவார்கள். வெள்ளாமையை அழிக்கிற பிராணி எதுவோ அதன் உருவத்தைக் கட்டுவதும் வழக்கம். முத்தாயி வேண்டிக்கொண்டு தகடு வாங்க ஒண்டிக்கடைக்கு வந்தாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மஜீத் ஜும்மாவுக்குப் போயிருந்தார், கடையில் ரபியா. விற்கிற தகடுகளை மஜீத் வைத்திருந்ததும் அதே மாதிரி ஒரு பிஸ்கட் டப்பாவில்தான். ரபியா கைக்கு எட்டிய டப்பாவைத் தள்ளி, நீயே பார்த்து எடுத்துக்கொள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொம்பும் திமிலுமாக ஒன்று மேலாகவே கிடைத்தது.

"கனமா இருக்குதுங்க," என்றாள் முத்தாயி.

"சாமிக்குத்தான, கனமாவே இருக்கட்டும்," என்று ரபியா தகட்டு விலைக்கே கொடுத்தாள்.

அதைக் கட்டிய நாளிலிருந்து பதினொரு நாள் மாடு வரவில்லை. பன்னிரண்டாம் நாள் பஸ்ஸில் வந்து இறங்கி, வரப்பு மேல் தட்டுத்தடுமாறி வந்தவர் மஜீத். டப்பா மாறித் தன் ரவுண்டு வந்துவிட்டது என்று அவர் சொன்னதும் முத்தாயி அவரை அம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். அடுத்தவர் பொருளை வைத்துக்கொள்ள அவளுக்கு மனசு வராது. அவிழ்த்தாலோ பீன்ஸ் போய்விடும், இன்னும் இரண்டு பறிப்பு பாக்கி. பூசாரி சின்னத்தம்பி வெள்ளையனுக்குப் பங்காளி. அவர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார், கட்டின கைதான் அவிழ்க்க வேண்டும்.

மஜீத் கோயில் வாசலிலேயே நின்று சூலத்தைப் பார்த்தார். எருதின் நெற்றி நடுவில் வெள்ளையன் ஆணியால் போட்ட ஓட்டை. அதில் மஞ்சள் கயிறு. முகம் முழுக்க மஞ்சளும் குங்குமமும். போதாததற்கு முத்தாயி புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து வேறு வைத்திருந்தாள். ரேகைகூடப் படவிடாத மனுஷன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அக்கா, இது நம்ம காட்டுமாடே இல்லீங்க," என்றார் கடைசியில். "அமெரிக்காவுல இருக்கற எருது. தாடியப் பாருங்க."

முத்தாயி உற்றுப் பார்த்தாள். தாடி இருந்தது.

"அதானுங்க பாய் நம்ம மாடு பயந்துக்கிச்சு. ஆரோ வெளியூர்க்காரன், தாடியும் மீசையுமா வந்து நின்னா எது உள்ள வரும்?"

சின்னத்தம்பி முதலில் சிரித்தார். மஜீத் தன் தாடியைத் தடவிக்கொண்டு பிறகு சிரித்தார். முத்தாயி மட்டும் சிரிக்கவில்லை. கயிற்று முடிச்சில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்: "சொல்லுங்க. அவுக்கட்டுங்களா?"

மஜீத் அந்த ஓட்டையை இன்னொரு தரம் பார்த்தார்.

"உட்டுருங்க. எங்க டப்பாவுல சும்மா படுத்துக் கெடந்தான். இங்க வேல பாக்கறான்."

முத்தாயி கையை எடுத்தாள். ஒரு கூடை பீன்ஸ் கட்டிக் கொடுத்துப் பஸ் ஏற்றிவிட்டாள். ரபியா பொரியல் செய்தாள், எருது போனது தெரிந்ததிலிருந்து பேச்சு நின்றிருந்த வீட்டில் மறுபடி பேச்சு வந்தது. இரண்டு பறிப்பும் முழுசாகக் கைக்கு வந்தன.

ஆனால் செய்தி பரவிவிட்டது. கிழங்குக்காரர்கள் பன்றி இருக்கிறதா என்று கேட்டு வந்தார்கள். கொய்யாத் தோப்புக்காரர்கள் குரங்கு கேட்டார்கள், வெளிநாட்டுக் குரங்காகவே வேண்டுமாம். மஜீத் டப்பாவுக்குப் பூட்டு போட்டார். தௌபீக்கிடம் இனிமேல் மீன் மட்டும் கொண்டுவா என்று சொல்லிவிட்டார். மலையில் மீன் யார் வெள்ளாமையையும் மேய்வதில்லை.

மஜீத் இப்போதும் ஒண்டிக்கடையில் அதே கடையில்தான் இருக்கிறார். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் கடை பூட்டியிருக்கும்.